இடது பக்கத்துப் பின் போல்ட்டு

ஜூலை 3, வியாழன்

காலை இட்லி மூன்று. மத்தியானம் சோறு, சாளை மீன் குழம்பு. மாலை வெறும் டீ. மாத்திரை போட்டாயிற்று.

சுகர் பார்க்கும் ஸ்டெல்லா சிஸ்டர்தான் இந்த டைரியைக் கொடுத்தார். “செல்லக்கனி, என்ன தின்னீங்க, எப்ப மாத்திரை போட்டீங்கன்னு தினமும் எழுதணும். அடுத்த மாசம் வாங்கிப் பாப்பேன்” என்றார். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். “தின்னத மட்டும் எழுதணுமா, திங்க நெனச்சதயும் எழுதணுமா சிஸ்டர்?” என்று கேட்டேன். “எல்லாத்தையும் எழுதுங்க” என்று சிரித்தார். எல்லாவற்றையும் என்று சொன்னது அவர். பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

பத்து மணிக்கு ஒரு வெள்ளைக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் விட்டார்கள். தூத்துக்குடியில் உப்பளத்துக் காற்று படும் தெருவில் ஆறு வருஷம் நின்ற கார். கீழே படுத்துப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்கக் கருப்பட்டி நிறத்தில் செதில் செதிலாகத் துரு. தொட்டால் உதிர்கிறது.

பின்னாலேயே ஆட்டோவில் வனஜா வந்து இறங்கினாள். எங்கள் வீட்டுக்காரரின் தாய்மாமன் மகள். கல்யாணம் முடித்து மும்பைக்குப் போனவள். புருஷன் தவறி இரண்டு வருஷமாகிறது. மாமா விட்டுப்போன வீட்டை விற்றுவிட்டாள். இனி மதுரையில் மகனுக்குப் பக்கத்தில் குடியிருக்கப் போகிறாளாம். இது அவள் அப்பாவின் கார். அதிலேதான் மதுரைக்குப் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

“அத்தான், ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி அங்க பால் காய்ச்சணும். பதினாறாம் தேதிதான் கடைசி. முடியுமா?” என்றாள்.

“பாப்போம்” என்றார்.

“ஆடி பொறந்துட்டா ஒரு மாசம் வீடு மாற முடியாது. இங்க வீட்டுச் சாவியையும் குடுத்துருவேன். அப்புறம் உங்க வீட்லதான் தங்கணும்” என்று சிரித்தாள்.

“அதுக்கென்ன, தங்கு” என்றார் அவர். என்னைக் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றுமில்லை. வீடு பெரிய வீடுதான்.


ஜூலை 4, வெள்ளி

இட்லி நான்கு. நேற்றைவிட ஒன்று கூட. மாத்திரை உண்டு.

எங்கள் வேலையைப் பற்றி சிஸ்டருக்குத் தெரியாது, எழுதிவிடுகிறேன். வீட்டு முன்னால் தகரக் கொட்டகை. அதுதான் ஒர்க் ஷாப். அவர் பெயர் தவசிமுத்து என்றாலும் ஊரில் ‘போல்ட்டுக்காரர்’ என்றால்தான் தெரியும். மற்ற இடங்களில் முறித்துப் போடும் துருப்பிடித்த போல்ட்டை எல்லாம் இவர் முறியாமல் கழற்றுவார். வேலைக்கு இருந்த ஆள் கத்தாருக்குப் போய் மூன்று வருஷமாகிறது. அதே வருஷம் இவருக்கு வலது தோளில் சவ்வு கிழிந்தது. அன்று முதல் ஸ்பேனரில் நீளப் பைப்பைச் சொருகி இழுப்பது நான்தான். என் எடைக்கு அந்தப் பைப் ஒன்றுதான் மரியாதை கொடுக்கிறது.

இன்று கழற்றும் வேலை இல்லை. டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து ஒவ்வொரு போல்ட்டின் கழுத்திலும் ஊற்றுவது, கம்பித் தூரிகையால் தேய்ப்பது, மறுபடி ஊற்றுவது. மூன்று நாள் ஊற வேண்டும்.

வனஜா சாயங்காலம் வந்து டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள். “அத்தான் அப்படியே இருக்காங்க, இல்லக்கா?” என்றாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். என்னை அக்கா என்கிறாள்.

“அப்படியேதான் இருக்காரு. முடி மட்டும் வேலய விட்டுட்டுப் போயிருச்சு” என்றேன். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் சொல்லும் நகைச்சுவைக்கு அவர் சிரித்துப் பல மாதம் ஆகிறது.

மாலையானால் மரத்தூளும் எலுமிச்சம்பழமும் போட்டு அரை மணி நேரம் கை தேய்ப்பார். நகத்துக்குள் ஒரு கறுப்பு இருந்தாலும் அந்தக் கை சோற்றுக்கு வராது. எந்த மெக்கானிக் பெண்டாட்டிக்கு இந்தப் பாக்கியம் உண்டு? எனக்கு அதில் ஒரு கர்வம். இன்று முக்கால் மணி நேரம் தேய்த்தார்.


ஜூலை 6, ஞாயிறு

அவளை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். கோழி நான் அடித்தேன், பாராட்டு அவள் கொண்டுவந்த மும்பை ஊறுகாய்க்குப் போனது.


ஜூலை 7, திங்கள்

காலை உப்புமா. உப்புமாவை எழுதினால் போதும், எவ்வளவு என்று கேட்கக் கூடாது.

அவர் சவரம் செய்துவிட்டு வந்தார். இருபத்துநாலு வருஷமாகப் புதனும் ஞாயிறும்தான் சவரம். இன்று திங்கள். “என்ன, காலண்டர் கிழிக்க மறந்துட்டியளா?” என்றேன். “அரிச்சது” என்றார்.

இன்று கழற்ற ஆரம்பித்தோம். துருப்பிடித்த போல்ட்டை எடுத்ததும் கழற்றும் பக்கம் திருப்புகிறவன் மடையன். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்ப வேண்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். துரு விட்டுப்போன சத்தம் அது. அதற்குப் பிறகுதான் கழற்றும் பக்கம். கொஞ்சம் போய், மறுபடி பின்னால் வந்து, எண்ணெய் விட்டு, மறுபடி போய். போல்ட்டு முறியப் போகும்போது வேறு சத்தம் வரும். சுவரில் ஆணி வளைவது போல மெத்தென்று இருக்கும். கைக்கு முன்னால் காதுக்குத் தெரிய வேண்டும். இந்தக் காது எனக்கு இருக்கிறது என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவை.

நான் பைப்பைப் பிடித்துத் தொங்குவதை வனஜா வாயைப் பிளந்து பார்த்தாள். “அய்யோ, அக்காவா இழுக்கணும்? அத்தான், ஒரு ஆள் வெச்சுக்கக் கூடாதா?”

“அவதான் ஆளு” என்றார்.

பெண்டாட்டி என்று சொல்லியிருக்கலாம்.

வலது பக்கம் முழுவதும் கழன்றுவிட்டது. சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் முதல் குலுக்கலைத் தணிக்கும் ஷாக் வரை எல்லாம் மத்தியானத்துக்குள் வெளியே. அவரும் வனஜாவும் பழைய கதை பேசினார்கள். மாமா வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் இவர் குதித்தாராம், அவள் மேலே நின்று எண்ணினாளாம். இவர் கிணற்றில் குதித்தவர் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் வாளித் தண்ணீருக்கே ‘ஆ குளுருது’ என்று கத்துகிறவரை.


ஜூலை 8, செவ்வாய்

இதையும் எழுதிவிடுகிறேன் சிஸ்டர், எப்படியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். வனஜா இவருக்கு உரிமைப் பெண். சின்ன வயதிலேயே பேசிவைத்தது. கடைசி நேரத்தில் மாமா மும்பை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். “மாமாவுக்குக் காசு மேல கண்ணு” என்று இவர் என்னிடம் சொன்னது எங்களுக்குக் கல்யாணமான முதல் வாரத்தில். வனஜா கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருஷம் இவருக்குப் பெண் பார்த்து அலைந்து, கடைசியில் எங்கள் ஊருக்கு வந்து, வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று என்னை முடித்தார்கள். பஜ்ஜி போட்டது என் சித்தி.

இதில் எனக்கு என்ன வந்தது? ஊரில் எல்லோருக்கும் ஒரு உரிமைப் பெண் இருக்கத்தான் செய்வாள்.

இன்று இடது பக்கம். முன் போல்ட்டு வந்துவிட்டது. பின் போல்ட்டில் நட்டு கழன்றது, போல்ட்டு வரவில்லை. ஆர்மின் முனையில் புஷ் என்று ஒன்று இருக்கும். ரப்பர் உருளை, அதன் நடுவே ஓர் இரும்புக் குழாய், குழாய்க்குள் போல்ட்டு. ஆறு வருஷத் துருவில் போல்ட்டும் குழாயும் ஒன்றாகிவிட்டன. திருப்பினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. விட்டால் ‘இந்தா வந்துட்டேன்’ என்று பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. சுத்தியலால் அடித்தால் அசையவில்லை.

“வெட்டிருவமா?” என்றேன்.

“வேண்டாம். ஊறட்டும்” என்றார்.

“எம்புட்டு நாளு?”

“ஊறட்டும்னேன்லா.”


ஜூலை 9, புதன்

ஊறுகிறது.

சவரம் இன்றும் உண்டு. இன்று புதன்தான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

இப்படிப்பட்ட போல்ட்டு எத்தனையோ வந்திருக்கிறது. காஸைப் பற்ற வைத்துப் பழுக்கக் காய்ச்சுவார், இல்லாவிட்டால் பிளேடு போட்டு அறுப்பார். அரை நாளுக்கு மேல் எதற்கும் கொடுத்ததில்லை. “காஸ எடுக்கட்டா?” என்று கேட்டால், “பக்கத்துலயே பிரேக் ஓஸு போவுது, அவசரப்படாத” என்கிறார். பிரேக் ஆயில் போகும் அந்தக் குழாய் எல்லாக் காரிலும் அங்கேதான் போகிறது.

இன்றைக்கு ஒன்பது. பதினாறு தாண்டினால் ஆடி. ஆடி பிறந்தால் அவளுக்கு எங்கள் வீட்டு முன்னறை.

முன்னறையில் போட்டிருக்கும் கட்டிலுக்கு அவர் இன்று புது மெத்தை உறை எடுத்து வந்திருக்கிறார். “பழசு கிழிஞ்சிருந்துது” என்றார். கிழிந்து நாலு வருஷம் ஆகிறது.

கருப்பட்டி மிட்டாய் இரண்டு. சிஸ்டர், திட்ட வேண்டாம். இரண்டு என்று எழுதியது நான்கு.


ஜூலை 10, வியாழன்

ஊறுகிறது. அவர் பேட்டரி மாற்றி என்ஜினை ஓட வைத்துவிட்டார். தலைக்குச் சாயமும் பூசியிருக்கிறார், இருக்கிற முடிக்கு.


ஜூலை 11, வெள்ளி

காலை ஒன்றும் இல்லை. மாத்திரை மறந்துவிட்டது. மத்தியானம் போட்டேன்.

எட்டு மணிக்கு அவர் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினார், புது ஷாக் வாங்கிவர. அவர் தெரு முனை திரும்பியதும் நான் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தேன்.

பிரேக் ஓஸை ஒதுக்கிக் கட்டினேன். ஈரச் சாக்கை அதன் மேல் சுற்றினேன். பக்கத்தில் மணல் வாளி. புது ஆர்ம் வாங்கி வைத்தாயிற்று. பழைய ரப்பர் எரிந்தால் யாருக்கு நஷ்டம்? தீயை வைத்தேன். ரப்பர் புகைந்து, ஒழுகி, நாறிக்கொண்டு எரிந்தது. கண்ணில் தண்ணீர். புகைதான்.

“அய்யோ அக்கா! என்ன பண்றீங்க? தனியாவா?”

வனஜா வந்து நின்றாள். நல்ல சேலை.

“வந்துட்டியா? அந்த மெழுகுவத்திய எடுத்துக் குடு. சேலயத் தூக்கிச் சொருகிக்க” என்றேன்.

சும்மா சொல்லக் கூடாது, சொருகிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். குழாய் பழுத்துச் சிவந்தது. தீயை எடுத்துவிட்டு, கொஞ்சம் சிவப்பு அடங்கியதும் போல்ட்டின் கழுத்தில் மெழுகுவத்தியை வைக்கச் சொன்னேன். மெழுகு உருகி உள்ளே ஓடும். எண்ணெய் நுழையாத இடத்திலும் சூட்டில் மெழுகு நுழையும். பிறகு நட்டைப் போல்ட்டு முனைக்குச் சமமாகத் திருகி வைத்து, அதன் மேல் அடி. நட்டு இல்லாமல் அடித்தால் போல்ட்டின் திருகு மரை நசுங்கிப் போகும். அடி, திருப்பு, காய்ச்சு, மெழுகு. மறுபடி அடி.

மூன்றாவது தடவை காய்ச்சும்போது அவளே பேச்செடுத்தாள்.

“அத்தான் கை பாத்தீங்களாக்கா, எவ்ளோ சுத்தமா வெச்சிருக்காங்க! எனக்கே ஆச்சரியம். அப்போல்லாம் ஒரே கறுப்பா இருக்கும்.”

“அப்டியா?”

“நான்தானே அதச் சொல்லிக் கல்யாணமே வேணாம்னுட்டேன்! அப்பா என்னை அடிக்கவே வந்தாரு. நெகத்துல கறுப்போட வந்து என் தட்டுல சோறு போட்டாங்கன்னா எனக்குக் கொமட்டும்ப்பான்னு, அத்தை, அத்தான் எல்லாரையும் வெச்சுக்கிட்டே சொல்லிட்டேன். பத்தொம்பது வயசு, புத்தியா இருந்துச்சு? அத்தான் அதெல்லாம் மறந்தே போயிருப்பாங்க.”

சிரித்தாள். கையில் மெழுகுவத்தி ஒழுகிக்கொண்டிருந்தது.

மாமாவுக்குக் காசு மேல் கண்ணு என்று இவர் சொன்னார். இருபத்துநாலு வருஷமாக நானும் செத்துப்போன மனுஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மரத்தூள், எலுமிச்சம்பழம், அரை மணி நேரம். எனக்காகத் தேய்க்கிறார் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரிகளிடம் பீற்றியிருக்கிறேன். அது என் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்த கணக்கு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

“தள்ளிக்க” என்றேன். சுத்தியலை எடுத்தேன். அந்த அடியில் போல்ட்டு அரை விரல் நகர்ந்தது. அடுத்த அடியில் ஒரு விரல். பிறகு பைப்பைப் போட்டுத் திருப்ப, குழாயை விட்டுக் கிறீச்சென்று வெளியே வந்து விழுந்தது. முறியவில்லை. மரை ஒன்றுகூடக் கெடவில்லை.

வனஜா கை தட்டினாள். “அக்கா, நீங்க அத்தானவிடப் பெரிய ஆளு!”

அவர் மூன்று மணிக்கு வந்தார். போல்ட்டைக் கையில் எடுத்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “யாரு அவசரப்படச் சொன்னா?” என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த பரிசு.


ஜூலை 12, சனி

காலை தோசை மூன்று. மத்தியானம் பசிக்கவில்லை.

புது ஆர்ம், புது ஷாக், புது போல்ட்டு. போல்ட்டு உடம்பில் கிரீஸ் தடவி ஏற்றினோம், அடுத்த ஆறு வருஷத்துக்குத் துரு ஒட்டாது. ஒரு பகலில் வேலை முடிந்தது. ஷாக் வேலையையும் சக்கரத்தையும் நான் பார்த்துக்கொண்டேன். ஆர்ம் போல்ட்டுகளை அவர் தானே கடைசி இறுக்கு இறுக்கினார், தோள்வலியோடு. “நீ விடு, நான் பாத்துக்கிடுதேன்” என்றார்.

நான் தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்தேன். சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கார் இன்னும் ஸ்டாண்டு மேல்தான் நின்றது.

இது சிஸ்டருக்குப் புரியாது. ஆர்ம் போல்ட்டைக் கார் தொங்கும்போது கடைசியாக இறுக்கவே கூடாது. கையால் முடுக்கி விட்டு, காரைத் தரையில் இறக்கி, அதன் எடை அதன் காலில் நின்ற பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால், கீழே இறக்கியதும் உள்ளே ரப்பர் முறுக்கின நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் கொஞ்சம் முறுக்கும். ஐந்தாறு மாதத்தில் கிழிந்து, ‘டொக் டொக்’ என்று தட்ட ஆரம்பிக்கும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. கத்தாருக்குப் போன ஆள் ஒரு தடவை இப்படிச் செய்ததற்கு இவர் ஸ்பேனரை விட்டெறிந்தார். ‘என் கடையில இந்த வேல நடக்காது’ என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

அப்படிக் கத்திய மனுஷன்தான் இன்று தொங்கும் சக்கரத்தில் இறுக்கினார். நான்கு போல்ட்டும். மறதி என்றால் ஒன்றில் வரும்.

பிறகு தன் வழக்கப்படி ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார். ‘இது இறுக்கி முடித்தது’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாராவது திருப்பினால் கோடு இரண்டாகப் பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஜூலை, ஆகஸ்ட் என்று விரல் விட்டு எண்ணினேன். ஆறு மாதம் என்றால் தை. பொங்கலுக்குக் கார் தட்டும். ‘அத்தான், சத்தம் வருது’ என்று வந்து நிற்பாள்.

ஓகோ.


ஜூலை 13, ஞாயிறு

காலை அவர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனார். எனக்குத் தலைவலி என்று சொன்னேன். அவர் போனதும் தலைவலியும் போய்விட்டது.

நான்கு போல்ட்டையும் தளர்த்தினேன். மஞ்சள் கோடு நான்கும் பிளந்தன. சக்கரத்துக்குக் கீழே தடிமனான பலகைகளை அடுக்கி, காரை அதன் மேல் இறக்கினேன். அப்போதுதான் கார் தன் காலில் நிற்கும், நானும் அடியில் நுழைய முடியும். முன்பக்கத்தைப் பிடித்துப் பத்துத் தடவை அமுக்கி அமுக்கி விட்டேன், ரப்பர் தன் இடத்தில் உட்காரட்டும் என்று. பிறகு மல்லாந்து படுத்து ஒவ்வொன்றாக இறுக்கினேன். இடது பக்கத்துப் பின் போல்ட்டைக் கடைசியாக. இரண்டு தடவை சரிபார்த்தேன். முகம் முழுக்கத் துருத்தூள்.

என் வாழ்க்கையில் யார் காருக்கும் இவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை. பத்து வருஷத்துக்கு இந்தக் கார் எந்த ஒர்க் ஷாப்பையும் தேடக் கூடாது. தைக்கும் வரக் கூடாது, எந்தப் பொங்கலுக்கும் வரக் கூடாது. சாமி கும்பிடும்போதுகூட நான் இவ்வளவு மனசு ஒன்றி நின்றதில்லை.

புதுக் கோடு போடவில்லை. பிளந்ததைப் பிளந்தபடியே விட்டேன். பார்க்கட்டும்.

மத்தியானம் வந்தார். சட்டையைக்கூட மாற்றாமல் காரைச் சுற்றி வந்தார். குனிந்தார். எழுந்தார். மறுபடி குனிந்தார். நான் வாசல்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“நீயா?” என்றார்.

“பின்ன, முனிசிபாலிடிக்காரனா வந்து இறுக்கிட்டுப் போவான்?”

பிளந்த கோட்டை விரலால் தடவினார். எனக்குத்தான் அடங்கவில்லை. வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்தேன்.

“தொங்கவிட்டு இறுக்கினா ஆறு மாசத்துல புஷ் கிழியும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்ப தெரிஞ்சுதான் செஞ்சியளா?”

“ஆமா.”

இப்படி ‘ஆமா’ என்று ஒரே சொல்லில் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. மழுப்புவார், நான் கிண்டல் செய்து ஜெயித்துவிடலாம் என்று இருந்தேன். 

“அவ மேல இன்னும் ஆச இருக்கா?” என்று கேட்டேன். 

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “ஆச இல்ல பிள்ள” என்றார். தன் கையைத் திருப்பிப் பார்த்தார். “அன்னைக்கு எங்கம்மா முன்னால ஒரு வார்த்த சொன்னா. நான் உன்ட்ட சொல்லல. அவ ஒரு தடவ இந்தக் கைய நம்பி வந்து நிக்கணும். மறுபடியும் வரணும், மறுபடியும் கேக்கணும். ‘அத்தான் நீங்கதான் சரி பண்ணணும்’னு. அம்புட்டுத்தான்.”

“அதுக்குத்தான் சாயம், சவரம், மெத்த உறையா?”

“ம்.”

ஆசை என்று சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், இரண்டு நாள் சோறு பொங்காமல் இருந்திருப்பேன், முடிந்திருக்கும். இது வேறு. என்னோடு இருந்த இருபத்துநாலு வருஷமும் இந்த மனுஷன் ஒவ்வொரு சாயங்காலமும் அவள் சொன்ன ஒரு வார்த்தையைத்தான் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஆசையைவிட நீளமாக ஒரு வார்த்தை இருந்திருக்கிறதே என்று வயிறு எரிந்தது. நானும்தான் எத்தனையோ வார்த்தை சொல்லியிருக்கிறேன். ஒன்றாவது இப்படி ஒட்டியதா?

“அவளுக்கு அது ஞாபகத்துல சிரிப்பா இருக்கு. மெழுகுவத்தியப் பிடிச்சுக்கிட்டே எங்கிட்ட சொல்லுதா” என்றேன்.

தலை நிமிர்ந்து பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“வெள்ளிக்கிழமல இருந்து தெரியும்.”

“அப்ப ஏன் பிரிச்சு இறுக்கின?”

“அவ திரும்பி வரக் கூடாதுன்னுதான்.”

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுந்து போய் மஞ்சள் பெயிண்டு டப்பாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

“நீ இறுக்குனது. நீயே கோடு போடு.”

போட்டேன். எனக்கு நேர்கோடு வராது. நான்கும் புழு மாதிரி நெளிந்தது.

சிஸ்டர், மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.


ஜூலை 14, திங்கள்

இட்லி மூன்று. மாத்திரை உண்டு.

வனஜா பத்து மணிக்குப் பெட்டியோடு வந்தாள். தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் விட்டாள், வேகத்தடையில் விட்டாள். சத்தம் இல்லை.

“அத்தான், சூப்பர்! மறுபடி எப்போ கொண்டு வரணும்? ஆறு மாசத்துல ஒரு செக் பண்ணணுமா?”

நான் அவரைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த ஸ்பேனர்களை எண்ணிப் பெட்டியில் போட்டேன்.

“வேண்டாம்” என்றார். “நான் செஞ்சது தப்பா இருந்துது. என் வீட்டுக்காரி பிரிச்சுச் சரியா மாட்டியிருக்கா. பத்து வருசத்துக்கு ஆடாது. நீ வர வேண்டியிருக்காது.”

வனஜா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் மடையச்சி இல்லை. “சரி அத்தான்” என்றாள். கதவைச் சாத்தும் முன்னால், “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை.

“பாத்துப் போ. கோவில்பட்டி தாண்டி ரோட்டு வேல நடக்கு” என்றார்.

போய்விட்டாள். ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கிறது.


ஆகஸ்ட் 2, சனி

நாளை மறுநாள் சிஸ்டரிடம் டைரியைக் காட்ட வேண்டும். சாப்பாடு எழுதாத பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன். பிரிக்க மாட்டார் என்று நம்பிக்கை இல்லை.

இன்று காலை வனஜா போன் செய்தாள். அவருக்கு இல்லை, எனக்கு.

“அக்கா, மதுரைல ஒரு பெரிய ஒர்க் ஷாப்ல அலைன்மெண்ட்டுக்கு விட்டேன். அங்க இருக்கிறவர் அடியில பாத்துட்டு, ‘யார்ம்மா இந்த வேலையச் செஞ்சது, இவ்ளோ சுத்தமா ஒருத்தரும் செய்யமாட்டாங்க’ன்னாரு. எங்க அக்கான்னு சொன்னேன்” என்றாள்.

 “கோணக் கோடப் பாத்திருக்க மாட்டான்” என்றேன்.

“அதையும் பாத்து சிரிச்சாரு. அக்கா, என் பையன் காரும் முன்னாடி தட்டுது. வேற யார்கிட்டயும் விடமாட்டேன். அடுத்த சனிக்கிழமை நானே ஓட்டிட்டு வரேன். நீங்கதான் பாக்கணும்.”

பார்த்தீர்களா சிஸ்டர்? இவள் ஜென்மத்துக்கும் வரக் கூடாது என்றுதான் அந்த நான்கு போல்ட்டையும் உயிரைக் கொடுத்து இறுக்கினேன். அதனாலேயே வருகிறாள்.

“வா” என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல? வேலையைப் பாராட்டிவிட்டாளே.

எனக்கு அவள் மேல் பொறாமைதான். ஒரு மாதமாக ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று எழுதிய பக்கங்களை எல்லாம் அடித்துவிடவும். இன்னும் இருக்கிறது. சனிக்கிழமை அவள் கார் கதவைத் திறக்கும்போதும் இருக்கும்.

அவரிடம் சொன்னேன். “சனிக்கிழமயா? நான் திருச்செந்தூர் போயிட்டு வாரேன். நீ பாத்துக்கிடு” என்றார்.

“போவக் கூடாது” என்றேன். “கொட்டகையில இருக்கணும். கீழ படுத்து வேல பாக்கது நான். ஸ்பேனர் எடுத்துக் குடுக்கது நீங்க. கேட்ட நம்பரக் கேட்ட ஒடன குடுக்கணும்.”

“அவ முன்னாலயா?”

“அவ முன்னாலதான்.”

 பிறகு எழுந்து போய் ஸ்பேனர் பெட்டியைத் திறந்து, கலைந்து கிடந்தவற்றை எட்டு, பத்து, பன்னிரண்டு என்று வரிசையாக அடுக்க ஆரம்பித்தார்.